எழுபது வளைவையும் பொட்டியில் போட்டவர்

கொல்லிமலைக்கு வேன் ஏறும்போதே குழந்தைவேலுவின் மனசெல்லாம், இறங்கும்போது எந்த சீட் கிடைக்கும் என்பதில்தான் இருந்தது. அருவி, மூடுபனி, அறப்பளீஸ்வரர் எல்லாம் அதற்கப்புறம்தான். திருச்செங்கோட்டில் மாவு மில் நடத்துகிற மனுஷன். மில் சத்தத்தையும் தாண்டிப் பேசிப் பழகிய தொண்டை. "பிளேனையே குட்டிக்கரணம் போட வெச்சாலும் எனக்குத் தலை சுத்தாது" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். உண்மை என்னவென்றால், பின்சீட்டில் உட்கார்ந்து நாலு வளைவு திரும்பினால் போதும், குடல் வாய்க்கு வந்துவிடும். இது சம்சாரம் சரசுவுக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

அந்தக் குடும்பத்து வேனில் ஒரு வழக்கம் உண்டு. ஏறும்போது டிரைவர் பக்கத்து சீட் வண்டி பிடித்தவருக்கு. அது எப்போதும் குழந்தைவேலுதான். இறங்கும்போது, அன்றைக்கு யார் எடுத்த போட்டோ ஒசத்தியோ அவருக்கு. சோளக்காட்டுச் சந்தையில் வண்டியை நிறுத்தி, பழம் தின்றுகொண்டே தீர்ப்புச் சொல்வார்கள். மற்றவர்கள் செல்போனை நீட்டிக் காட்டுவார்கள். குழந்தைவேலு மட்டும் கழுத்தில் தொங்கும் பழைய பிலிம் கேமராவைத் தட்டி, "இது கழுவிப் பிரிண்டு போட்டாத்தான் தெரியும்" என்பார். அதனால் அவர் படத்தைக் காட்ட முடியாது, வாயால் சொல்லத்தான் முடியும். சொல்லச் சொன்னால் அவரை மிஞ்ச ஆள் ஏது? வருஷா வருஷம் முன்சீட் அவருக்கே போய்ச் சேர்ந்தது. அந்தக் கேமராவுக்குள் பிலிம் போட்டே மாமாங்கம் ஆகிறது என்பது சரசுவுக்கு மட்டும் தெரிந்த இரண்டாவது ரகசியம்.

இந்த வருஷம் இரண்டு இடைஞ்சல் வந்து சேர்ந்தது. ஒன்று, கொழுந்தியாள் தெய்வானை. போன தடவை கடைசி சீட்டில் உட்கார்ந்து, அடிவாரம் வருவதற்குள் பிழிந்து போட்ட துணியாகி, "அடுத்த வருசம் முன்சீட்டு எனக்குத்தான், பாத்துக்கிட்டே இருங்க" என்று சபதம் போட்டவள். இரண்டாவது, புதுச் சம்பந்தி நல்லசாமி. மகளைக் கட்டிக் கொடுத்த மஞ்சள் இன்னும் காயவில்லை. மரியாதைக்கு அவரையே தீர்ப்புச் சொல்லச் சொல்லியிருந்தது. பேச்சைச் செலவழிக்காத ஆள். அவர் "ம்" என்றால் அது சரி என்பதா, சரிதான் போய்யா என்பதா என்று யாராலும் சொல்ல முடியாது. அப்பேர்ப்பட்ட மனுஷன் முன்னால் பையில் வாயை வைத்தால் மானம் கப்பலேறிவிடும்.

சோளக்காட்டில் வேன் நின்றது. மிளகாய்ப்பொடி தூவிய அன்னாசித் துண்டுகளை இலையில் வாங்கி, ஆளுக்கொரு கை எடுத்தார்கள். குழந்தைவேலு இரண்டு கையாலும் எடுத்தார். சரசு கண்ணால் அடக்கிப் பார்த்தாள், அவர் பார்க்கவில்லை.

தெய்வானை முதலில் செல்போனை நீட்டினாள். சீக்குப்பாறையில் நின்று எடுத்த படம். கீழே ஊரும் வயலும் கட்டம் கட்டமாக, நடுவில் மேகம், மேகத்துக்கு மேலே ஒரு கழுகு. சம்பந்தி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, "நல்லா இருக்குதுங் அம்மணி" என்றார். அது அவருக்கு ஒரு சொற்பொழிவு. குழந்தைவேலு அன்னாசிச் சாறு வழிந்த கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"படம் என்னமோ நல்லாத்தான் இருக்குது," என்றார். "ஆனா கழுகு தூங்குது. நான் எடுத்தா அதுவே இறக்கையைச் சீவி, பவுடர் போட்டுட்டு வந்து நிக்கும். கேளுங்க சம்பந்தி! இன்னைக்கு ஆகாய கங்கையை எடுத்தனுங்களா? தண்ணி என்னா வெசையா உளுகுது! அப்படியே எடுத்தா படம் கலங்கிப் போகும். 'இந்தா, சித்த நில்லு!'ன்னு ஒரே அதட்டு. நின்னு போச்சுங்க. பாதித் தண்ணி மேல, பாதித் தண்ணி கீழ, நடுவால ஒரு கெளுத்தி மீனு. கேமராவைப் பாத்ததும் அது மீசையைத் தடவி விட்டுக்கிட்டு, 'ம், எடுங்க'ங்குது."

"நான் அங்கதான் குளிச்சுட்டு இருந்தனுங் மாமா," என்றாள் தெய்வானை. "தண்ணி நிக்கவே இல்லையே?"

"நின்ன நேரம் பாத்து உனக்குச் சோப்பு கண்ணுல போயிருச்சு அம்மணி."

"அட, நீங்க அருவிக்கு இறங்கவே இல்லையே! முழங்கால் வலிக்குதுன்னு மேல பஜ்ஜிக் கடையிலதான உக்காந்திருந்தீங்க?"

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். பொருந்தாவிட்டால் இன்னும் பெரிதாகச் சொல்லிவிட வேண்டும் என்பது குழந்தைவேலுவின் கொள்கை.

"அதுதானுங்க சங்கதியே! கால் போகாத எடத்துக்கு லென்சு போகும். திருகித் திருகி உட்டேன், அது படிப்படியா இறங்கிப் போயி, அருவியில நனைஞ்சு, குளுருல வெடவெடன்னு நடுங்கிட்டு மேல வந்துச்சு. பாவம்னு தொவட்டி உட்டேன். இதா, துண்டு இன்னும் ஈரம், பாருங்க."

சம்பந்தி துண்டைத் தொட்டுப் பார்த்தார். விரலை மூக்கருகே கொண்டு போனார்.

"அன்னாசிங்க," என்றார்.

"மேலாக்க அன்னாசி. அடியில அருவிங்க."

டிரைவர் குப்புசாமி டீ டம்ளரோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தெய்வானை விடவில்லை. "போன வருசம் பனியை எடுத்தேன்னீங்களே, அந்தப் படத்தை இன்னும் கண்ணுல காட்டலையே?"

"அந்தக் கொடுமையை ஏன் கேக்கற! பிரிண்டு போட்டு ஸ்டுடியோக்காரன் கவரைப் பிரிச்சான் பாரு, உள்ள இருந்த பனி அத்தனையும் கடைவீதியில இறங்கிருச்சு. மட்ட மத்தியானத்துல பஸ்ஸெல்லாம் லைட்டுப் போட்டுட்டுப் போகுது. வெள்ளரிப் பிஞ்சு வித்தவன் அதைப் போட்டுட்டு ஓடிப் போயி போர்வை கொண்டாந்து விக்கறான். ஸ்டுடியோக்காரனுக்குப் புடிச்ச சளி இன்னும் உடவே இல்லை."

"கடைவீதிக்கு நான் தினம் வாரனுங்," என்றார் சம்பந்தி மெதுவாக. "அப்படி ஒரு ஸ்டுடியோவைப் பாத்ததில்லையே."

"எப்படிங்க பாப்பீங்க? பனி கலையறதுக்குள்ள கடையை மாத்திப்போட்டானே!"

"ம்."

அந்த "ம்" எந்தப் பக்கத்து "ம்" என்று தெரியவில்லை. குழந்தைவேலு இன்னும் இரண்டு துண்டு அன்னாசியை வாயில் போட்டுக்கொண்டு சரசு பக்கம் திரும்பினார். "ஏம்புள்ள, உன்ற உள்ளங்கையில மலையை வெச்சு எடுத்தமே, அதைச் சொல்லு."

தூரத்து மலையைக் கையில் ஏந்தியிருப்பதுபோல் நிற்கவைத்து எடுப்பார்களே, சுற்றுலா போகிற எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்குமே, அந்தப் படம். சரசு ஆரஞ்சுத் தோலை உரித்தபடி, "என்னை எதுக்குங் வம்புல இழுக்கறீங்க" என்றாள்.

"கூச்சப்படறா. இவ கையை நீட்டி நின்னா. சரியா மலைக்கு அடியில கையை நிறுத்தி எடுத்தேன். எடுத்து முடிச்சு, 'போதும், கையை இறக்கு'ன்னா, மலையும் ஒட்டுக்கா இறங்கி வருது! வெக்க எடமில்லீங்க. அப்படியே வேன்ல ஏத்திக்கிட்டோம். பாதி வழியில தேன் எடுக்கறவன் ஒருத்தன் மலை மேல இருந்து எட்டிப் பாத்து, 'ஏனுங்க, என்ற ஊரு வந்திருச்சு, சித்த நிறுத்துங்க, இறங்கிக்கறேன்'ங்கறான்."

"ஆமாங்," என்றார் குப்புசாமி. "அன்னைக்கு வண்டி இழுக்கவே இல்லீங்."

சம்பந்தியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பேதான். ஜெயித்தாயிற்று என்று குழந்தைவேலு காலை நீட்டி உட்கார்ந்தார். அப்போதுதான் தெய்வானை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கதை கெடக்கட்டும். மாமாவுக்கு முன்சீட்டு எதுக்குன்னு எனக்குத் தெரியும். பின்னால உக்காந்தா தலை சுத்தும்! இல்லைன்னா அக்கா மடியில எலுமிச்சம்பழம் எதுக்கு இருக்குது?"

சரசு சட்டென்று முந்தானையை இழுத்து மூடினாள். அவசரத்தில் பழம் உருண்டு சம்பந்தியின் செருப்பருகே போய் நின்றது. அவர் குனிந்து அதை எடுத்தார். துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு குழந்தைவேலுவை முழுசாக ஏறிட்டுப் பார்த்து, "தலை சுத்துமுங்களா சம்பந்தி?" என்று கேட்டார்.

கேலியே இல்லாத கேள்வி. "ஆமாங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த நல்ல மனுஷன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் முன்னால் உட்கார வைத்திருப்பார். அந்த வார்த்தை குழந்தைவேலுவின் நாக்கு நுனி வரைக்கும் வரவும் செய்தது. ஆனால் பாழாய்ப்போன நாக்கு, உண்மைக்கு வழிவிட்டுப் பழகாதது.

"எனக்கா? தலையா? சுத்தறதுக்கு வளைவு வேணுமுல்லங்க!" என்று துள்ளி எழுந்தார். "காத்தால முன்சீட்டுல உக்காந்து நான் சும்மாவா வந்தேன்? ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவா டப்பு டப்புன்னு எடுத்துட்டே வந்தேன். எழுபதும் எடுத்தாச்சு! நம்ம கேமராவுல எடுத்தா வெறும் படம் வராதுங்க, பொருளே வந்துரும். வளைவெல்லாம் இப்ப இந்தப் பொட்டிக்குள்ள முறுக்காட்டம் சுருண்டு கெடக்குது. கீழ போற ரோடு ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டாப்பல இருக்கும். ஒரு வளைவு, ஒரே ஒரு வளைவு மிச்சம் இருந்தாலும் என்ற மீசையை எடுத்துப் போடறேன்!"

சந்தையில் பலாப்பழம் விற்றவள்கூட வாயைத் திறந்தபடி நின்றாள். தெய்வானை செல்போனைப் பைக்குள் போட்டாள்.

"ஒத்துக்கறனுங் மாமா," என்றாள். "இதுக்கு மேல ஒரு போட்டோ கிடையாதுங். பரிசு உங்களுக்குத்தான்."

குழந்தைவேலுவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. மீசையை முறுக்கினார்.

"ஆனா ஒண்ணுங்," என்றாள் தெய்வானை, முன்கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தபடி. "வளைவே இல்லாத ரோட்டுல முன்சீட்டு என்னங், பின்சீட்டு என்னங்? எழுபது வளைவையும் பொட்டியில வெச்சிருக்கறவரு, கூட்டத்துல இடிபடாம கடைசி சீட்டுல பத்திரமா வாங்க. நான் இப்படி முன்னால குந்திக்கறேன்."

மாட்டேன் என்றால் ரோட்டில் வளைவு இருக்கிறது என்று ஆகிவிடும். வளைவு இருக்கிறது என்றால் மீசை போய்விடும். தவளை தன் வாயால் கெட்டது. அவர் பரிதாபமாகச் சம்பந்தியைப் பார்த்தார்.

"ம்," என்றார் சம்பந்தி. "ஞாயந்தானுங்க." மரியாதைக்கு அவரும் வந்து கடைசி சீட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

குப்புசாமி ஸ்டீயரிங்கை ஒடித்து முதல் வளைவைத் திருப்பினார். சம்பந்தி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "இது என்னங்க?" என்றார்.

"அது... எடுக்கும்போது கை ஆடிருச்சுங்க. ஒண்ணு தப்பியிருக்கும்."

இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தது. குழந்தைவேலு ஈரத் துண்டால் மீசையை மறைத்துக்கொண்டார். அடுத்த வளைவில் அவர் மூஞ்சி பழுத்த எலுமிச்சம்பழத்தின் நிறத்துக்கு வந்தது. மறுபக்கம் உட்கார்ந்திருந்த சரசு நிஜ எலுமிச்சம்பழத்தை அவர் கையில் திணித்தாள். அதற்கு அடுத்ததில் பையையும் விரித்துப் பிடித்தாள்.

முன்சீட்டில் காற்று வாங்கிக்கொண்டிருந்த தெய்வானை திரும்பிப் பார்த்தாள். "ஏனுங் மாமா, பொட்டி மூடி கழண்டுக்கிச்சா?"

அந்த நிலைமையிலும் தோற்க மனசு வரவில்லை மனுஷனுக்கு. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கினார். "ஆமா அம்மணி... மூடி தொறந்துக்கிச்சு... உள்ள இருந்த வளைவெல்லாம்... ஒண்ணொண்ணா வெளிய..."

மீதியைப் பைக்குள்தான் சொல்ல முடிந்தது.

சம்பந்தி அவர் முதுகை நிதானமாகத் தடவிக் கொடுத்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பைக்குள் ஒரு பார்வை பார்த்தார்.

"வளைவு இல்லீங்க சம்பந்தி," என்றார். "அன்னாசிங்க."