மேகத்தை முட்டிய மீன்

காட்டோரத்தில் ஒரு குட்டை. அதில் பனையேறிக் கெண்டைகள் கூட்டமாக வாழ்ந்தன. கரையில் ஓர் ஒற்றைப் பனைமரம் நின்றது.

அந்தப் பனைமரத்தில்தான் கெண்டைகளின் பெருமை எல்லாம் இருந்தது. "முன்னொரு பஞ்சத்தில் நம் முன்னோர் மேகந்தொட்டார் இதில் ஏறினார்! உச்சியில் நின்று தலையால் மேகத்தை முட்டினார்! மேகம் கிழிந்தது, மழை கொட்டியது! ஒரு கெண்டைகூடக் குட்டையை விட்டு ஓடவில்லை!" குஞ்சுகளுக்கு நீந்தச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அத்தாட்சியும் இருந்தது. பனையின் அடியில், தண்ணீரோரக் கல் மேல், மேகந்தொட்டாரின் மண்டை எலும்பு. அதில் ஓர் ஓட்டை. மேகத்தை முட்டியபோது விழுந்ததாம். வெள்ளிக்கிழமை தவறாமல் பாசி மாலை சாத்திக் கும்பிட்டார்கள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. குட்டை சுருங்கியது. எருமைகள் வந்து இருக்கிற தண்ணீரையும் கலக்கிவிட்டுப் போயின. கெண்டைகளின் முதுகுத் துடுப்பு வெயிலில் காய்ந்தது.

தலைவர் முள்ளப்பன் கூட்டம் கூட்டினார். "பயப்படாதீர்கள்! வரலாறு நமக்கு வழி காட்டுகிறது! இளைஞர்கள் பனையில் ஏறட்டும்! மேகத்தை முட்டட்டும்!"

"முட்டுவோம்!" என்று முதலில் கத்தியவன் துள்ளன். வெள்ளச்சியின் ஒரே மகன்.

வெள்ளச்சி அவன் குறுக்கே பாய்ந்தாள். "டேய், வானத்தில் மேகமே இல்லையே! எதைப் போய் முட்டுவாய்?"

"நான் ஏறினால் மேகம் வரும், அம்மா!"

வெள்ளச்சி ஆமையிடம் ஓடினாள். பழைய பஞ்சத்தைப் பார்த்த கிழட்டு ஆமை அது.

"ஆமையண்ணே, உண்மையைச் சொல்லுங்கள். மேகந்தொட்டார் பனையில் ஏறினாரா?"

ஆமை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. பிறகு மெதுவாகச் சொன்னது. "ஏறவாவது! பனி ஈரம் இருக்கும்போதே உங்கள் ஆட்களில் பாதிப் பேர் வாய்க்கால் வழியாகப் பெரிய ஏரிக்கு ஊர்ந்து போய்விட்டார்கள். செவுள் முள்ளை ஊன்றி ஊன்றிப் போனார்கள். நானும் கூடவே நடந்தேன். போகாமல் நின்றவர்கள் இங்கேயே கருவாடு. மழை பெய்ததும் போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஓடிப்போனோம் என்று பிள்ளைகளிடம் சொல்ல வெட்கம். அதனால் இந்தக் கதை."

"அப்படியானால் அந்த மண்டை எலும்பு?"

"அதைப் பருந்திடம் கேள்."

பருந்து பனை உச்சியில் உட்கார்ந்திருந்தது. வெள்ளச்சி ஒரு வாடிய தாமரை இலைக்கு அடியில் பதுங்கிக்கொண்டு கேட்டாள்.

பருந்து சிரித்தது. "மேகந்தொட்டாரா? நான்தான் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இந்த மட்டை இடுக்கில் வைத்துத் தின்றேன். அந்த ஓட்டை என் அலகு போட்டது. மழையில் எலும்பு உருண்டு கீழே விழுந்தது. உங்கள் ஆட்கள் கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள்!"

"இதைக் கூட்டத்தில் சொல்வீர்களா, பருந்தக்கா?"

"தாராளமாகச் சொல்கிறேன். எனக்கு என்ன நஷ்டம்?"

மறுநாள் வெள்ளச்சி எல்லாரையும் கூப்பிட்டாள். "ஓட்டையைப் பாருங்கள்! மண்டையைத் துளைக்க மேகம் என்ன பாறையா? நின்றவர்கள் செத்தார்கள். போனவர்கள்தான் பிள்ளை பெற்றார்கள். நாம் எல்லாரும் போனவர்களின் பிள்ளைகள்! இன்னும் வாய்க்காலில் ஈரம் இருக்கிறது. நாமும் போய்விடலாம்! ஆமையண்ணே, நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்!"

எல்லாரும் ஆமையைப் பார்த்தார்கள். ஆமை கழுத்தை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

"பருந்தக்கா, நீங்களாவது சொல்லுங்கள்!"

பருந்து சொன்னது. ஒன்றையும் மறைக்கவில்லை. தூக்கியதைச் சொன்னது, தின்றதைச் சொன்னது, அலகைக்கூடத் திறந்து காட்டியது.

சிலர் மண்டை எலும்பின் ஓட்டையைத் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளச்சிக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

முள்ளப்பன் கனைத்தார். "கேட்டீர்களா! நம்மைத் தின்கிறவளும் இவளும் ஒரே பேச்சைப் பேசுகிறார்கள்! இவர்களுக்குள் என்ன ஒப்பந்தம்?"

"கைக்கூலி!" என்று ஒரு குரல்.

"முன்னோரை ஓடுகாலி என்கிறாள்!" என்று இன்னொரு குரல்.

"பருந்து தின்கிறவள் என்று தெரிகிறதே! பிறகு அவள் உட்கார்ந்திருக்கிற மரத்தில் ஏன் ஏறுகிறீர்கள்?" என்று வெள்ளச்சி கத்தினாள். கேட்க ஆளில்லை. மேகந்தொட்டார் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

துள்ளன் அவள் பக்கத்தில் வந்தான். "அம்மா, என் மானத்தை வாங்காதே."

பொழுது விடிந்தது. புல்லில் லேசாகப் பனி இருந்தது. வாய்க்கால் மண்ணில் ஈரம் அன்று ஒருநாள்தான் தாங்கும். குஞ்சுகளை வைத்திருந்த நாலைந்து தாய்கள் மட்டும், யாருக்கும் தெரியாமல், வெள்ளச்சியோடு கரையேறினார்கள்.

"துள்ளா, வந்துவிடடா!"

"தலைவர் என்னைத்தான் முதலில் ஏறச் சொல்லியிருக்கிறார், அம்மா!"

"அவர் ஏன் ஏறவில்லை?"

"அவர் கீழே நின்று வழிநடத்த வேண்டாமா?"

துள்ளன் செவுள் முள்ளைப் பனையின் சொரசொரப்பில் ஊன்றினான். ஏறினான். நன்றாகவே ஏறினான். கீழே ஆரவாரம். ஒரு கன்றுக்குட்டியின் உயரம் ஏறியிருப்பான். பருந்து நிதானமாக இறங்கி வந்தது.

"நான்தான் சொன்னேனே!" என்றது. அவனைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

கீழே இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். "எவ்வளவு உயரம் போய்விட்டான்!" என்று கைதட்டாத குறையாகத் துடுப்புகளை அடித்தார்கள். அடுத்தவன் ஏறத் தொடங்கினான்.

"அக்கா, ஈரம் காய்கிறது! வாருங்கள்!" என்று தாய்கள் வெள்ளச்சியை இழுத்தார்கள். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஊர்ந்தாள்.

மழை பெய்வதற்கு வெகுநாள் ஆயிற்று. நின்றவர்களோடு முள்ளப்பனும் சேற்றில் கருவாடானார். கடைசி வரைக்கும் வழிநடத்தினார், அதில் குறை சொல்ல முடியாது.

பிறகு மழை வந்தது. மழை வருகிற காலத்தில் வருகிற மழைதான். குட்டை நிரம்பியது. ஏரிக்குப் போனவர்கள் திரும்பினார்கள். அவர்களின் குஞ்சுகள் வளர்ந்து, குஞ்சு பொரித்துப் பெருகின.

ஒருநாள் வெள்ளச்சி பனையடிக்குப் போனாள். கல் மேல் இப்போது இரண்டு மண்டை எலும்புகள். இரண்டுக்கும் பாசி மாலை. ஒரு குஞ்சு சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது.

"துள்ளனார் ஏறினார்! மேகத்தை முட்டினார்! ஒரு கெண்டைகூட ஓடவில்லை! ஓடினவள் ஒருத்தி, அவள் பருந்தின் கைக்கூலி!"

கூட ஊர்ந்து வந்த தாய்களில் ஒருத்தி அங்கேதான் இருந்தாள். வெள்ளச்சி அவளைப் பார்த்தாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பிள்ளைகளிடம் வேறு என்ன சொல்லச் சொல்கிறீர்கள், அக்கா? நாமும் ஓடிப்போனோம் என்றா?"

வெள்ளச்சி இரண்டாவது மண்டை எலும்பின் பக்கத்தில் போனாள். துடுப்பால் தொட்டாள். எத்தனையோ முறை உரசி உரசி உறங்கவைத்த தலை.

"அந்த ஓட்டையைப் பார்த்தீர்களா? மேகம் முட்டிய இடம்!" என்றது குஞ்சு, பெருமையாக.

"மேகம் என்ன பாறையா, கண்ணு?" என்று வெள்ளச்சி கேட்டாள்.

கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஆமை சட்டென்று கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது.

குஞ்சு விழுந்து விழுந்து சிரித்தது. "இந்த அம்மாளுக்கு வரலாறே தெரியவில்லை!"

இல்லாத பெருமையை வரலாறு என்று நம்பினவனுக்கு உயிர் மிஞ்சுவதில்லை. அது பொய் என்று சொன்னவளுக்கு நல்ல பெயர் மிஞ்சுவதில்லை.