கயிறில்லாத கட்டு

தேனிப் பக்கம் மலையடிவாரத்தில் கேரவன்கள் நிறுத்தும் முகாம் ஒன்று. அங்கே காவலுக்கு இருந்தவள் மொக்கத்தாயி. ஒரு நாள் காலையில் சொகுசு வண்டியில் வந்து இறங்கினார் ஓய்வுபெற்ற அதிகாரி துரைசிங்கம். கூடவே கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய்.

"சிறுத்தை நடமாட்டம் இருக்குங்கய்யா, நாயைக் கட்டிப் போடுங்க" என்று கயிற்றை நீட்டினாள்.

"என் நாய்க்குக் கயிறா? கட்டக் கூடாது, அடைக்கக் கூடாது, வேலியும் கூடாது. ஆனா இங்கேருந்து அது நகர்ந்துச்சு, உன் வேலை காலி!"

"சரிங்கய்யா, உக்காருங்க" என்றவள், சுட்ட கருவாட்டைப் பொட்டலம் கட்டி வந்து அவர் மடியில் வைத்தாள். நாய் எதிரே உட்கார்ந்து எச்சில் வடித்தது. அசையவே இல்லை.

"பாத்தியா என் நாயை!" என்று பெருமையாக ரெண்டு காபியும் ஒரு இளநீரும் குடித்தார் அதிகாரி. உச்சிப்பொழுதில் நெளிய ஆரம்பித்தார். எழுந்தார், நாயும் எழுந்தது.

"நீங்க நகர்ந்தா அதுவும் நகரும்யா. என் வேலை போயிரும்."

"பொட்டலத்தை இங்க வச்சிட்டுப் போறேன்!"

"தின்னுட்டு ஓடிருமேய்யா."

"அவசரம் தாயி! அந்தக் கயிறைக் குடு!"

மொக்கத்தாயி நிதானமாகக் கயிற்றை எடுத்தாள். "நாயைக் கட்டத்தானேங்கய்யா? உங்களைத்தான் காலையிலேயே கட்டியாச்சே!"