தவிட்டு எருமை

ஒரே ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தான். ஊர் பேர் வேலங்குளம். ராஜா பேர் மகுடவர்த்தன பூபதி. என்ன சிரிப்பு? பேர் அப்படித்தான். கேட்பதென்றால் கேளுங்கள், இல்லாவிட்டால் நான் எழுந்து போகிறேன்.

அந்த ராஜாவுக்கு ஒரு கிறுக்கு. ஆளைப் பார்க்க மாட்டான், பேரைத்தான் கேட்பான். பேர் நன்றாக இருந்தால் ஆள் நல்லவன், பேர் மட்டமாக இருந்தால் ஆளும் மட்டம். அவ்வளவுதான் அவன் கணக்கு.

சேனாபதி வேலைக்கு ஒருத்தன் வந்தான். பேர் என்ன? சிங்கமுகன். உடனே வேலை. அவன் பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறுகிறவன். சமையலுக்கு ஒருத்தன் வந்தான். பேர் என்ன? அமுதசுரபன். உடனே வேலை. அவன் சோறு வடித்தால் நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். பாட ஒருத்தி வந்தாள். பேர் என்ன? குயில்மொழி. உடனே வேலை. அவள் வாயைத் திறந்தால் அரண்மனைப் புறாவெல்லாம் அடுத்த தேசத்துக்குப் போய்விடும். எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். ராஜாவாயிற்றே, யார் சொல்வது?

அதே ஊரில் குப்பாயி என்று ஒருத்தி இருந்தாள். ஏன் அந்தப் பேர் தெரியுமா? அவளுக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளையும் தங்கவில்லை. நாலாவதாக இவள் பிறந்ததும், இதுவாவது நிலைக்கட்டும் என்று குப்பைமேட்டில் போட்டுப் புரட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரி வந்து தூக்கிக்கொண்டாள். பெத்தவள் ஒரு முறம் தவிடு கொடுத்து, அவளிடமிருந்து விலைக்கு வாங்குவதுபோலத் திருப்பி வாங்கிக்கொண்டாள். மூக்கைக் குத்தி, குப்பாயி என்று பேரும் வைத்தாள். இவ்வளவு கேவலமான பேர் வைத்த பிள்ளையை எமன்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டான் என்று ஒரு நம்பிக்கை. பிள்ளையும் பிழைத்துக்கொண்டது.

குப்பாயிக்குப் புருஷன் இல்லை. இரண்டு சின்னப் பிள்ளைகள், ஒரு எருமை. எருமை கறந்தால் வீட்டில் கஞ்சி, கறக்காவிட்டால் பட்டினி. வேறு வழி கிடையாது.

ஒருநாள் குளத்தங்கரையில் மேய்ந்த எருமை வீடு திரும்பவில்லை. தேடிக்கொண்டு போனாள். மேலத்தெருவில் ஒருத்தன் தொழுவத்தில் நிற்கிறது. அந்த ஒருத்தன் பேர் என்ன தெரியுமா? சத்தியசீலன்.

"அண்ணே, இது என் எருமையாச்சே!"

"உன் எருமையா? போடி போ. என் வீட்டுலயே பொறந்து, என் வீட்டுலயே வளந்தது."

பக்கத்து வீட்டுக்காரனிடம் போய்ச் சொன்னாள். "சத்தியசீலன் பொய் சொல்வாரா? நீ வேற எருமையைப் பார்த்திருப்ப" என்றான் அவன். ஊர்த் தலையாரியிடம் போய்ச் சொன்னாள். "சத்தியசீலன் பொய் சொல்வாரா? வெயில்ல உனக்குக் கண்ணு கட்டியிருக்கும்" என்றான் அவன். அப்புறம் ராஜாவிடமே போனாள். எருமையையும் சத்தியசீலனையும் கூட்டி வரச்சொல்லி ஆள் போயிற்று. அரண்மனை முற்றத்தில் எருமையைக் கட்டினார்கள். சபை கூடிவிட்டது.

ராஜா கேட்டான், "உன் பேர் என்ன?"

"குப்பாயிங்க சாமி."

ராஜா மூக்கைச் சுளித்தான். அந்தப் பக்கம் திரும்பினான். "உன் பேர்?"

"சத்தியசீலன், மகாராஜா."

"ஆகா! தீர்ப்பாகிவிட்டது. எருமை உன்னுடையது. அவிழ்த்துக்கொண்டு போ."

வழக்கு அவ்வளவுதான். வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. சத்தியசீலன் கயிற்றில் கை வைத்தான். குப்பாயி குறுக்கே போய் நின்றாள். வீட்டில் இரண்டும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்குமே!

"சாமி, ஒரே ஒரு வார்த்தை. எங்க ரெண்டு பேர் பேரையும் கேட்டீங்க. எருமைக்கும் பேர் இருக்கு. அதையும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

பேர் என்றதும் ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தான். விடுவானா? "நல்ல யோசனை! சத்தியசீலா, எருமையின் பேர் என்ன?"

அவனுக்கு என்ன தெரியும்? ஆனால் ராஜாவின் கிறுக்கு தெரியும். "காஞ்சனமாலை, மகாராஜா" என்றான்.

"அடடா! என்ன பேர், என்ன பேர்! கூப்பிடு பார்க்கலாம்."

கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். "காஞ்சனமாலை!" என்றான். எருமை அசை போட்டது. "அம்மா காஞ்சனமாலை!" என்று குழைந்தான். எருமை வாலால் ஈ ஓட்டியது. "காஞ்சனமாலே, வாடி என் கண்ணே!" என்று தொண்டை கிழியக் கத்தினான். எருமை காலை அகட்டி நின்று முற்றம் நனைய மூத்திரம் பெய்தது.

"எருமைக்குக் கொஞ்சம் காது மந்தம்" என்றான் ராஜா. பேர் அவ்வளவு பிடித்துப்போய்விட்டது அவனுக்கு. "சரி, நீ கூப்பிடு அம்மா. உன் எருமைக்குப் பேர் என்ன?"

குப்பாயி தலையைக் குனிந்துகொண்டாள். சொன்னால் சபையே சிரிக்கும். அந்த எருமைக்கு முன்னால் அதன் தாய் போட்ட கன்றுகளும் தங்கவில்லை. அதனால் தனக்குச் செய்ததையே இதற்கும் செய்திருந்தாள். குப்பையில் புரட்டி, முறம் தவிடு கொடுத்து வாங்கி, அந்தத் தவிட்டின் பேரையே வைத்திருந்தாள்.

காவல்காரன் அதட்டினான். "ஏ பொம்பளே, வாயில என்ன கொழுக்கட்டையா? கூப்பிடு, இல்ல நடையைக் கட்டு."

பிள்ளைகள் முகம் நினைவுக்கு வந்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று, மந்தைவெளியில் கூப்பிடுகிற மாதிரி, அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தாள்.

"ஏ தவிடூ...! இங்க வா!"

"என்னம்மா?"

யார் கேட்டது? எருமை பேசுமா? மடத்தனமாகக் கேட்காதீர்கள். கேட்டது ராஜா! சிம்மாசனத்தை விட்டு எழுந்து, ஒரு காலில் பாதரட்சை, ஒரு காலில் இல்லை, இரண்டு படி இறங்கியே விட்டான்.

எருமையும் வந்தது. நேரே வந்து குப்பாயியின் தோளை நக்கியது.

சிங்கமுகன் தூணுக்குப் பின்னால் போய்விட்டான். அப்போது மேல்மாடத்திலிருந்து ஒரு சிரிப்பு. ராஜாவைப் பெற்ற கிழவி.

"ஏண்டா, எத்தனை வருஷம் ஆச்சு உன்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டு! இன்னும் மறக்கலையா? உனக்கு முன்னாடி அஞ்சைப் பறிகொடுத்தேன். உன்னையும் குப்பைமேட்டுல புரட்டித்தான் எடுத்தேன். குதிரைக்காரன் பொண்டாட்டி கிட்ட ஒரு முறம் தவிடு கொடுத்து வாங்கினேன். மகுடவர்த்தனமெல்லாம் நீ கிரீடம் வச்ச அன்னிக்குப் புரோகிதர் வச்ச பேரு. மூக்கைத் தொட்டுப் பாரு, குத்தின ஓட்டை இருக்கும்."

ராஜா மூக்கைத் தொட்டான். இருந்தது.

சத்தியசீலன் மெல்லப் பின்னால் நகர்ந்தான். பிடித்துக்கொண்டார்கள். "மகாராஜா, என் பேரைப் பாருங்க, என் பேரைப் பாருங்க!" என்று கும்பிட்டான்.

"பேரைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த லட்சணத்தில் நிற்கிறேன்" என்றான் ராஜா. அப்புறம் குப்பாயியைப் பார்த்துக் கேட்டான். "இவனை என்ன செய்யலாம், நீயே சொல்லம்மா. பேரை மாற்றிவிடட்டுமா? திருடன் என்று வைத்துவிடட்டுமா?"

"வேணாம் சாமி. அந்தப் பேரே இருக்கட்டும். எருமை அடுத்த கன்னு போடுற வரைக்கும் எங்க வீட்டுத் தொழுவத்துல வேலை செய்யட்டும். நான் கூப்பிட்டா நீங்க கேட்ட மாதிரியே கேக்கணும்."

ராஜாவின் காது சிவந்தது. ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டான்.

அன்றிலிருந்து விடிந்தால் போதும், குப்பாயி தெருவுக்கே கேட்கக் கூப்பிடுவாள். "ஏ சத்தியசீலா!"

"என்னம்மா?"

"சாணி அள்ளு!"

கொஞ்ச நேரம் கழித்து, "ஏ சத்தியசீலா!"

"என்னம்மா?"

"எருமையைக் குளிப்பாட்டு!"

அந்தச் சீமையில் ரொம்ப காலத்துக்கு யாரும் பிள்ளைக்குச் சத்தியசீலன் என்று பேர் வைக்கவில்லை. அந்தப் பேரைக் கேட்டாலே சாணி வாடை அடிக்கிறது என்றார்கள். பாவம், பேர் என்ன செய்தது?

அவ்வளவுதான். பேரைக் கேட்டால் கூப்பிட உதவும். ஆள் எப்படி என்று தெரிய, பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். குப்பாயி பால் கறந்தாள், பிள்ளைகள் குடித்தன, எருமை படுத்துவிட்டது. நீங்களும் படுங்கள். இனி எவன் வாயிலிருந்தாவது சத்தம் வந்தால், நாளைக்குச் சாணி அள்ள அவன்தான்.