ம் சொன்ன கிணறு

ஓர் ஊர் நூலகத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு வட்ட மேசை இருந்தது. ஒருநாள் காலையில் அதன்மேல் நான்கு மரப் பொருட்கள் வந்து உட்கார்ந்தன. ராஜா, புலி, ஓடம், கிணறு. எல்லாம் கைக்கடக்கமானவை. எடுத்தால் பேசும். எதை முதலில் எடுப்பது, எதை எதன் பக்கத்தில் வைப்பது என்பது குழந்தையின் இஷ்டம்.

செய்தவள் பாக்கியசீலி. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு சின்னக் கருவி வைத்து, தன் குரலைப் பதித்திருந்தாள். கிணற்றுக்குப் பேச உட்கார்ந்தபோது மட்டும் வெளியூரிலிருந்து மகள் போன் செய்துவிட்டாள். பதிவை நிறுத்த மறந்து, மகள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். மகளின் குரல் அதில் விழவில்லை. தாய் கொட்டிய "ம்"மும் இடையிடையே கேட்ட "அப்புறம்?" என்பதும் மட்டும் விழுந்தன. அது தெரியாமலே மூடி ஒட்டிவிட்டாள்.

நூலகர் அருள்தாஸ் அவளிடம் சொன்னார்: "சாயங்காலம் வரைக்கும் பாப்போம்க்கா. பிள்ளைங்க ஒதுக்குறதைத் திருப்பிக் குடுத்துடறேன். பிரிச்சு வேற ஏதாவது பண்ணிக்குங்க."

'பிரிச்சு' என்ற சொல் கிணற்றின் அடிவரை போயிற்று.

"எடுத்தா நீ என்ன பேசுவே?" என்று மனிதர் காதில் விழாத குரலில் ராஜா அதைக் கேட்டார்.

"ம்."

"அவ்வளவுதானா? மாடுகூட அம்மான்னு முழுசாச் சொல்லுமே" என்றது புலி.

"விடுங்க, பாவம்" என்றது ஓடம். ஆனால் அதுவும் சிரித்தது.

குழந்தைகள் வந்தார்கள். ராஜாவை எடுத்ததும், "நான் ஏழு தேசத்தை ஆளும் ராஜா" என்றார். புலி உறுமியது. ஓடம் பாடியது. குழந்தைகள் கைகொட்டினார்கள். கிணற்றை எடுத்த ஒருவன், "இது ரிப்பேருடா" என்று ஓரமாக வைத்தான்.

மத்தியானத்துக்குள் ராஜா வாயைத் திறக்குமுன்பே, "ஏழு தேசம், தெரியும் தெரியும்" என்றார்கள். அப்புறம் மேசைப் பக்கமே யாரும் வரவில்லை.

மாலையில் ஆதினி என்ற சிறுமி தனியாக வந்து கிணற்றை எடுத்தாள்.

"ம்" என்றது கிணறு.

அவள் சுற்றிலும் பார்த்தாள். பிறகு கிணற்றுக்குள் பார்த்தாள். "என்னையா கேக்குறே?"

"ம். அப்புறம்?"

ஆதினி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அப்புறம்... இந்த ராஜாவுக்கு நீச்சல் தெரியாது. ஆத்துல விழுந்துட்டாரு. புலிதான் ஓடத்தைத் தள்ளிக்கிட்டுப் போச்சு."

"ம்."

"ஆனா புலிக்கு இருட்டுன்னா பயம். யார்கிட்டயும் சொன்னதில்ல. ராஜா அதைத் தன் பக்கத்துல படுக்க வச்சுக்கிட்டாரு."

அவள் புலியை எடுத்து ராஜாவின் அருகில் சாய்த்து வைத்தாள். புலி உறுமவேண்டிய இடம் அது. உறுமல் வரவில்லை.

"என் பயம் இவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று புலி மெல்லக் கேட்டது.

ஏழு தேசத்திலும் ராஜாவின் பக்கத்தில் அதுவரை யாரும் படுத்ததில்லை.

அப்போது அருள்தாஸ் பாக்கியசீலியுடன் வந்தார். "அது ரிப்பேர் பாப்பா. குடு, அக்கா எடுத்துட்டுப் போகட்டும்."

ஆதினி கிணற்றை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். "இருங்க அங்கிள். அது கேட்டுக்கிட்டு இருக்கு."

"ம்" என்றது கிணறு.

பாக்கியசீலி தன் குரலை அடையாளம் கண்டுகொண்டாள். கோயிலுக்குள் நுழைகிறவள்போலச் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, கைகூப்பி நின்றாள். "சார், அது இங்கேயே இருக்கட்டும்" என்றாள். விலகிப்போன குழந்தைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

புலியால் பொறுக்க முடியவில்லை. "கிணறே, அடுத்து நான் என்ன செய்வேன்?"

"எனக்கென்ன தெரியும்? அவ இன்னும் சொல்லலியே" என்றது கிணறு.

புலி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆதினியின் வாயையே பார்த்தது.