சுமார் முப்பது மைல்

இந்தக் கதையில் சீடருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குருவுக்கு முப்பதுகூட ஆகவில்லை.

விசைப்படகுச் சங்கத்தில் வயர்லெஸ் கவனிக்கும் ததேயுஸ், வெளிநாட்டுக் கப்பல்காரர்களோடு பேச வேண்டுமே என்று லீமா டீச்சரிடம் ஆங்கிலம் படித்தார். வயர்லெஸ் அறையிலேயே பாடம். மற்றதெல்லாம் சுளுவாக வந்தது. அபவுட், அரவுண்ட், மோர் ஆர் லெஸ் என்று சுமாராகச் சொல்கிற வார்த்தைகள் மட்டும் தொண்டைக்குள் இறங்கவே இல்லை.

"இதெல்லாம் சோம்பேறி பேசுத பேச்சு டீச்சர். தெரிஞ்சா அடிச்சுச் சொல்லணும். தெரியலைன்னா வாயை மூடணும்."

டீச்சர் சிரித்துக்கொள்வார்.

அன்று பாடத்தின் நடுவில் வயர்லெஸ் கரகரத்தது. முந்தின நாள் எஞ்சின் நின்றுவிட்டதாகச் சொன்ன ஒரு படகைப் பற்றி அதன்பின் தகவலே இல்லாமல் ஊர் தவித்துக்கொண்டிருந்தது. அதில் ததேயுஸின் தம்பி சூசையும் இன்னும் ஆறு பேரும் இருந்தார்கள். இப்போது கூப்பிட்டது அந்தப் பக்கம் போகிற சரக்குக் கப்பல். தேடத் தயார், படகு கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்று கேப்டன் ஆங்கிலத்தில் கேட்டார்.

"தர்ட்டி..." என்று ததேயுஸ் வாயெடுத்தார். டீச்சர் கையமர்த்தினார்.

"முப்பது மைலுங்கது எப்ப உள்ள கணக்கு?"

"நேத்து எஞ்சின் நின்னப்ப."

"இப்ப எங்க கிடக்கும்?"

"காத்து இழுத்துட்டுப் போயிருக்கும். யாரு கண்டா?"

டீச்சர் கரும்பலகையில் ஒரு புள்ளி வைத்தார். அதைச் சுற்றிப் பெரிய வட்டம் போட்டார்.

"கப்பல்காரங்க எங்க தேடணும் அண்ணே?"

ததேயுஸ் வட்டத்தையே பார்த்தார். பிறகு மைக்கை அழுத்தினார்.

"அரவுண்ட் தர்ட்டி மைல்ஸ் சார். மோர் ஆர் லெஸ். ப்ளீஸ் சர்ச் ஆல் சைட்ஸ்."

எத்தனை ஆட்கள் என்று கேப்டன் கேட்டார்.

வந்த வேகத்தில் "அபவுட்..." என்று ஆரம்பித்தார் ததேயுஸ். டீச்சர் மேசையை ஓங்கித் தட்டினார்.

"செவன்," என்றார் ததேயுஸ். "செவன் மென் சார்."

வெயில் சாய்கிற நேரத்தில் கேப்டன் மறுபடி கூப்பிட்டார். படகு முப்பதில் இல்லை. நாற்பதையும் தாண்டிக் கிடந்திருக்கிறது. ஏழு பேரும் கப்பலில் பத்திரம். கூட்டி வர ஒரு படகு கிளம்பியது. சங்கத்தில் ஒரே ஆட்டமும் விசிலும். ததேயுஸ் மேசையில் தலையைச் சாய்த்து, வெட்கப்படாமல் அழுதார்.

"அடிச்சுச் சொல்லியிருந்தா தம்பிய அடக்கம் பண்ணக்கூடக் கிடைச்சிருக்காது டீச்சர்."



ததேயுஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் ஏழு வீட்டுப் பெண்களும் நின்றார்கள்.

"எப்ப வந்து சேருவாங்கன்னு கேக்குதாங்க. என்ன சொல்லட்டும்?"

"நேரத்தைக் கேட்டா சுமாராச் சொல்லுங்க அண்ணே. வாராங்களான்னு கேட்டா மட்டும் சுமார்னு சொல்லிராதீங்க."