காலை விரித்து நின்ற கல்யாணப் பத்திரிகை

கோணமடை என்று ஒரு ஊர். அந்த ஊர்க்காரர்களுக்குச் சொன்ன பேச்சைத் தட்டத் தெரியாது. அதுதான் கஷ்டமே.

அங்கே அச்சாபீஸ் வைத்திருந்த சடையாண்டி, தன் மகள் செவ்வந்தியின் கல்யாணப் பத்திரிகைக்காக டவுனில் புது எழுத்து வாங்கினார். கடைக்காரர் ஒரு எழுத்தை எடுத்துக் காட்டினார்.

"தண்டு நேரா இறங்கி, முனையில மட்டும் பாவாடை மாதிரி விரியுது பாருங்க. சின்னதாப் போட்டா கண்ணுக்கு இதம், பெருசாப் போட்டா கம்பீரம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வையுங்க. விரிஞ்ச முனை பக்கத்து எழுத்து மேல இடிக்கவே கூடாது."

மாப்பிள்ளையின் அம்மா பேச்சாயி கறார். "பத்திரிகை வந்தாத்தான் நாங்க வண்டி கட்டுவோம்" என்று முன்பே சொல்லிவிட்டாள். அதனால் ஊரே அச்சாபீஸில் கூடி யோசித்தது.

"நடுவுல ஒரு விரக்கடை இடம் விட்டா இடிக்காதுல்ல?" என்றார் சடையாண்டி.

"தாளை மடிச்சா இடிக்குமே மாமா" என்றான் மிஷின் ஓட்டும் தீர்த்தகிரி.

"அட, ஆமாண்டா!"

தாளுக்கு ஒரு எழுத்தாக அடித்தார்கள். மூட்டை கட்டப் போனபோது தீர்த்தகிரி அலறினான். "உள்ள ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இடிச்சுக்கும் மாமா!"

ஆகவே ஆளுக்கு ஒரு எழுத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரே கிளம்பியது. ஒரு ஆள் குறைந்தது. மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்த செவ்வந்தியை எழுப்பி, அவள் பெயரின் முதல் எழுத்தைக் கையில் கொடுத்தார்கள்.

மாப்பிள்ளை ஊர் ஏரிக்கரையில் வரிசையாக நின்றார்கள். எழுத்தைப் போலவே காலையும் விரித்துக்கொண்டார்கள். பேச்சாயி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து படித்தாள். 'செவ்வந்தி மாரப்பன் கல்யாணம் வெள்ளிக்கிழமை வருக.'

"எழுத்து லட்சணமாத்தான் இருக்கு" என்று வண்டி கட்டச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர்கள் கோணமடைக்கு வந்தால் ஊரில் ஈ, காக்கை இல்லை. முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது. வண்டியைத் திருப்பி ஏரிக்கரைக்கே ஓட்டினார்கள். பத்திரிகை இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

"யோவ் சம்பந்தி, பொண்ணு எங்கய்யா?" என்று கத்தினாள் பேச்சாயி.

"முத எழுத்தா நிக்குறா பாருங்க."

மாப்பிள்ளை மாரப்பன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். சடையாண்டி பதறிப்போனார். "உருவாதீங்க மாப்பிள்ளை! அவ போயிட்டா 'வ்வந்தி'க்குல்ல கல்யாணம் ஆயிரும்!"

நியாயம்தானே என்று மாரப்பனுக்கும் பட்டது. அவள் நின்ற இடத்திலேயே தாலி கட்டினான். ஏரிக்கரையே குலவை போட்டது.

"சரி, இனிமே என் மருமகளை வீட்டுக்கு அனுப்பு" என்றாள் பேச்சாயி.

"எப்படித் தாயி? இன்னும் மூணு ஊருக்குப் பத்திரிகை வைக்கணுமே!"

சனிக்கிழமை அடுத்த ஊர்ச் சந்தையில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். மாரப்பனும் தன் பெயரின் முதல் எழுத்தை வாங்கிக்கொண்டு காலை விரித்து நின்றான். ஒரு பெரியவர் நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டார்.

"எந்த வெள்ளிக்கிழமை?"

"நேத்து" என்றது பத்திரிகை ஒரே குரலில். "குடும்பத்தோட அவசியம் வந்துருங்க!"