தேரை நகர்த்திய தப்பு

ரொம்பக் காலத்துக்கு முன்னால் பொன்னிலங்குடி என்கிற சீமையை அதிவீரகேசரி என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். பெயரில்தான் வீரம். மனசு காற்றாடி மாதிரி, யார் ஊதினாலும் அந்தப் பக்கம் சுற்றும்.

அவருடைய மந்திரி தேனப்பர். எதைக் கேட்டாலும், "பார்த்துட்டுச் சொல்றேன் ராஜா" என்பார். நேரே போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்லுவார். ராஜாவுக்கு அது அலுத்துப்போச்சு. அரசவையில் சபாரஞ்சிதர் என்று ஒருத்தர் இருந்தார். தேனப்பர் நாற்காலிமேல் அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். சமயம் பார்த்து ஊதினார்.

"மகாராஜா, வேலையிலே கரைகண்டவர்கள் எத்தனையோ பேர் வயசாகி வீட்டிலே சும்மா இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டி ஒரு யோசனை மாளிகை வைக்கிறேன். எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னிடம் கேளுங்கள், நான் அவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன். அப்புறம் மந்திரி எதற்கு?"

"பேஷ்!" என்றார் ராஜா.

மாளிகை வந்தது. தேனப்பர் பேருக்குத்தான் மந்திரி என்றாகிவிட்டது. ஓய்வுபெற்ற பெரியவர்களுக்கு ஆளுக்கொரு பட்டுச் சால்வை, மெத்தை போட்ட ஆசனம், வேளாவேளைக்குப் பானகம். அங்கே ஒரு சட்டம் உண்டு. நிபுணர் வாயால் சொல்லலாம், கையால் தொடக் கூடாது. இன்னொன்று, அவர்கள் பேச்சு கொச்சையாக இருக்குமாம். அதனால் சபாரஞ்சிதர்தான் மெருகேற்றி வெளியே கொண்டுபோவார்.

இப்படி இருக்கையில் தேரோட்டம் வந்தது. மேலவீதி முனையில் வலப்பக்கம் திரும்ப வேண்டிய தேர், திரும்பாமல் நேரே போய் வளையல் கடைச் சுவரை முட்டப் பார்த்து நின்றுவிட்டது. தொழில் தெரிந்த ஆட்களெல்லாம் மாளிகையில் பானகம் குடிக்க, வீதியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் புதுசு.

பொழுது சாய்வதற்குள் தேர் நிலைக்கு வராவிட்டால் நாட்டுக்கு ஆகாது என்று ஜனங்களுக்கு ஒரு பயம். ராஜா வீதிக்கே ஓடி வந்தார்.

"சபாரஞ்சிதரே! தேனப்பரே! உங்களில் யார் தேரை நிலைக்குக் கொண்டுவருகிறீர்களோ அவருக்கு மந்திரி நாற்காலி. மற்றவர் மூட்டை கட்ட வேண்டியதுதான்!"

தேனப்பர் வீதியை ஒருதரம் சுற்றிப் பார்த்துக்கொண்டார். பிறந்து வளர்ந்த ஊராச்சே!

சபாரஞ்சிதர் மாளிகைக்குப் பாய்ந்தார். சக்கரத்தடியில் கட்டை போட்டுத் தேரைத் திருப்புவதில் பேர்போனவர் வெயிலுமுத்து. அவரைத்தான் கேட்டார்.

"நான் வந்து ஒரு பார்வை பார்த்துடறேனே" என்று எழுந்தார் வெயிலுமுத்து.

"உட்காரும் ஐயா! சால்வை போட்டவர் தெருவிலே நிற்கலாமா? சொன்னால் போதும்."

"என்னத்தைச் சொல்ல? வலது சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கச் சொல்லுங்க."

சபாரஞ்சிதர் மெருகேற்றினார். வீதிக்கு வந்து கையை உயர்த்தி, "வலம்புரி ஆழிக்கு மரத்தின் மகிமையைச் சமர்ப்பியுங்கள்!" என்றார்.

ஜனங்கள் முழித்தார்கள். கடைசியில் ஒருத்தன் சந்தனக்கட்டை கொண்டுவந்தான். சக்கரத்துக்குப் பொட்டு வைத்து, சூடம் காட்டி, எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தேர் அசையவில்லை.

"தேனப்பரே, உம்முடைய முறை" என்றார் ராஜா.

"ராஜா, எனக்கு யாரோட யோசனையும் வேண்டாம். நானே கட்டை போடுறேன். ஒரே ஒரு வேண்டுகோள். பெரியவங்க அங்கே புழுக்கத்திலே உட்கார்ந்திருக்காங்க. இங்கே தேர் நிழல்லே காத்தாட உட்காரட்டும்."

"இவ்வளவுதானா?" என்று சிரித்த சபாரஞ்சிதர், ஆசனங்களைத் தூக்கிவரச் சொல்லி, தேருக்குப் பக்கத்திலேயே போடவைத்தார். எதிராளி தோற்பதை எல்லோரும் கிட்டத்தில் பார்க்கட்டுமே!

தேனப்பர் வேட்டியை மடித்துக் கட்டினார். கட்டையின் ஒல்லி முனைதான் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். அவர் தடித்த முனையைக் கொண்டுபோனார். அதுவும் இடது சக்கரத்துக்கு.

வெயிலுமுத்து ஆசனத்தில் நெளிந்தார். "தலைகீழ்..." என்று முனகினார்.

"உஷ்! மரியாதை!" என்றார் சபாரஞ்சிதர்.

தேனப்பர் வடம் பிடித்தவர்களைப் பார்த்து, "இழுங்க! இல்லே, நில்லுங்க! சரி, பாதிப் பேரு மட்டும் இழுங்க!" என்று கத்தினார். வாழ்நாளெல்லாம் வடத்துக்குக் குரல் கொடுத்த சங்கிலி என்கிற பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார். தேனப்பர் கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலை எடுத்து, அச்சாணியைப் பார்த்து ஓங்கினார். தேர் செய்த ஆவுடை ஆசாரிக்கு வாயில் இருந்த வெற்றிலை வெளியே வந்துவிட்டது.

"ஏலே, அந்தக் கட்டையை இங்கே கொடுக்கியா இல்லியா!"

கத்திக்கொண்டே எழுந்த வெயிலுமுத்துவின் சால்வை ஒரு பக்கம் பறந்தது. மந்திரி என்றும் பார்க்காமல் தேனப்பரை இடித்துத் தள்ளிவிட்டு வலது சக்கரத்தடியில் குந்தினார். ஆசாரி கொட்டாப்புளியைப் பிடுங்கினார். "என் தேர்லே கை வெச்சே, பார்த்துக்க!" சங்கிலி வடத்தின் முன்னால் போய் நின்று ஒரு குரல் விட்டார் பாருங்கள், வீதி முழுக்க ஒரே ஆளாக இழுத்தது. தேர் குலுங்கி, முனகி, வளையல் கடையை ஒட்டினாற்போல் திரும்பியது. கோபுரத்து வெயில் மறைவதற்குள் நிலைக்கும் வந்துவிட்டது.

சபாரஞ்சிதர் முந்திக்கொண்டார். "மகாராஜா, நகர்த்தியவர்கள் என் ஆட்கள்! நாற்காலி எனக்கு!"

"வாஸ்தவம்தான்" என்றார் தேனப்பர். "நான் செஞ்சதிலே ஒண்ணுகூடச் சரியில்லே. ஆனா ராஜா, தொழில் தெரிஞ்சவங்க முன்னாலே நாலு வேலையைத் தப்பாச் செஞ்சா, அவங்க எத்தனை மெத்தையிலே உட்கார்ந்திருந்தாலும் எழுந்திரிச்சுடுவாங்க. அதைத்தான் செஞ்சேன்."

ராஜா குழம்பி, வெயிலுமுத்துவைப் பார்த்தார். "நீரே சொல்லும். நாற்காலி யாருக்கு?"

வெயிலுமுத்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "மகாராஜா, இந்தத் தேனப்பர் இன்னும் கொஞ்ச நேரம் வேலை செஞ்சிருந்தா என் உசிரே போயிருக்கும். தயவு பண்ணி இவரைக் காலாகாலத்துக்கும் மந்திரியாவே வெச்சுக்குங்க. வேற எந்த வேலைக்கும் விட்டுடாதீங்க!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, நாற்காலி தேனப்பருக்கே என்றார். அன்றைக்கே மாளிகையைப் பூட்டிவிட்டு, எங்கே வேலை நடந்தாலும் போய் நிற்கவும், தப்பைக் கண்டால் யாராயிருந்தாலும் திட்டவும் பெரியவர்களுக்கு உரிமை கொடுத்தார். சபாரஞ்சிதர் மூட்டை கட்ட வேண்டாமென்று தேனப்பரே கேட்டுக்கொண்டதால், அவர் வடத்துச் சங்கிலிக்கு எடுபிடி ஆளானார். சங்கிலி சொல்வதை ஒரு எழுத்துக்கூட மெருகேற்றாமல் அப்படியே திருப்பிக் கத்த வேண்டும். சங்கிலியின் வாயோ, அப்பப்பா, காது கொடுத்துக் கேட்க முடியாது.

தேர் நிலைக்கு வந்தாச்சு, கேட்டவங்க வீட்டுக்குப் போகலாம்.